நடுக்கட்டை எரிந்த வழக்கு

போன மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், முன்பு என்னிடம் வேலை பழகிய ஒருவர் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். இப்போது அவரே ஒரு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க். கோர்ட்டு சமாசாரமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர், "நானூத்தி இருபத்தேழெல்லாம் ஒரு செக்‌ஷனா சார்? அடிதடி கேஸுல ஊறுகா மாதிரி ஓரத்துல வெச்சுட்டுப் போயிடுறாங்க. நாங்களும் தொட்டுக்கிட்டு விட்டுடுறோம்" என்றார். எதிர்வரிசையில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் பேச்சு என்னை விடவில்லை. பந்தியில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் அப்போது சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

கோர்ட்டுப் பக்கம் போகாதவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். இன்னொருவருக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தே ஒரு சொத்தைச் சேதப்படுத்தினால் அது குற்றம். சேதத்தின் மதிப்பு ஐம்பது ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் நானூற்று இருபத்தேழாம் பிரிவில் வரும். கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் எது சேதம், எது தெரிந்து செய்தது என்ற இரண்டு கேள்விகளுக்காக மனிதர்கள் வாய்தா வாய்தாவாக நடந்து செருப்புத் தேய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் காப்பியிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தேன். தீர்ப்புகளுக்கு நகல் எழுதும் வேலை. கையெழுத்துச் சுத்தமாக இருக்கிறது என்று பெஞ்சுக்கு அனுப்பினார்கள். மாஜிஸ்ட்ரேட்டின் மேடைக்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்து, வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுத்து, சாட்சிகளுக்குப் பிரமாணம் செய்துவைத்து, குற்றச்சாட்டை எதிரிக்குத் தமிழில் வாசித்துச் சொல்கிறவர்தான் பெஞ்சு கிளார்க். எங்கள் கோர்ட்டுப் பேச்சில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் இங்கிலீஷில் 'மிஸ்சீஃப்' என்று எழுதியிருப்பதைக் 'குறும்பு' என்றே வாசிப்பாராம். வேலியைப் பிடுங்கிப் போட்ட ஒரு பெரியவரிடம், "நீ குறும்பு செய்தாய் என்று உன்மேல் குற்றம்" என்று வாசித்திருக்கிறார். அந்தப் பெரியவர், "பேரன் பேத்தி எடுத்துட்டேன், நான் குறும்பு பண்ணுவனா ஐயா?" என்று கேட்டாராம். கோர்ட்டே சிரித்தது, வாசலில் பெயர் கூப்பிடும் டவாலி மட்டும் சிரிப்பை அடக்க வெளியே ஓடினார் என்று சொல்வார்கள். நான் 'சொத்துக்குச் சேதம் விளைவித்தாய்' என்றே வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் மாஜிஸ்ட்ரேட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். நாங்கள் ஐயா என்போம். சாட்சி பேசும்போது அவர் எழுதமாட்டார். பேனாவை மூடியே வைத்திருப்பார். சாட்சி சொல்லி முடித்ததும், சாட்சி பேசிய தமிழிலேயே, அதே கொச்சையிலேயே, திருப்பிச் சொல்லி, "இதைத்தானே சொன்னீங்க?" என்று கேட்பார். ஆமாம் என்று தலையாட்டினால் போதாது, வாயால் சொல்லவேண்டும். அதன்பிறகுதான் மூடியைக் கழற்றி இங்கிலீஷில் எழுதுவார். இதனால் எங்கள் கோர்ட்டு எப்போதும் தாமதமாகவே முடியும். எதிரிகளையும் அவர் நீங்கள் என்றே அழைத்தார். "திருடனுக்கும் மரியாதை, எனக்கும் அதே மரியாதை. அப்புறம் இந்த டவாலிப் பட்டை எதுக்கு?" என்று டவாலி கோவிந்தன் என்னிடம் அலுத்துக்கொள்வார்.

சேதம் என்றால் என்ன என்று ஐயாவிடம் நான் கற்றுக்கொண்டது கடலூரில், ஒரு ஓட்டு வீட்டு வழக்கில். முதுநகரில் ஒரு வீட்டுக்காரருக்குக் குடித்தனக்காரரைக் கிளப்பவேண்டும். மழைக்காலம் தொடங்கும் நேரம். குடித்தனக்காரர் வேலைக்குப் போயிருக்கும்போது ஆட்களை ஏற்றிக் கூரை ஓடு முழுவதையும் இறக்கிவிட்டார். இறக்கிய ஓட்டைக் கொல்லையில் வரிசையாக அடுக்கியும் வைத்தார். மழை வந்து அந்தக் குடும்பத்தின் அரிசி, துணி, தையல் மிஷின் எல்லாம் நனைந்தன.

விசாரணையில் வீட்டுக்காரர் தெம்பாக நின்றார். "ஓடு என்னுது, வீடு என்னுது. ஒரு ஓடு ஒடஞ்சிருந்தா காட்டச் சொல்லுங்க. ஏதோ நாசம் பண்ணிட்ட மாதிரி பேசுறாங்க" என்றார்.

ஐயா அதை அப்படியே திருப்பிச் சொல்லி, அவர் ஆமாம் என்றதும் எழுதிக்கொண்டார். தீர்ப்பில் தண்டனை விதித்தார். சாயங்காலம் கட்டுகளைத் திரும்ப வாங்கும்போது நான் சந்தேகம் கேட்டேன்.

"அடுக்கி வெச்ச ஓட்டுக்கு அடியில மழைக்கு ஒதுங்க முடியுமா?" என்றார் ஐயா. "ஒண்ணொண்ணும் முழுசா இருக்கு, சரி. ஆனா கூரை எங்க? சேர்ந்திருந்தப்ப அது செஞ்ச வேலையை இப்ப செய்யலை. அதுதான் சேதம். சொந்தச் சொத்தா இருந்தாலும், அடுத்தவனுக்கு நஷ்டம்னு தெரிஞ்சு செஞ்சா குத்தம்தான்."

எனக்கு அன்று மனம் நிறைந்திருந்தது. சட்டம் எவ்வளவு சரியாகப் பார்க்கிறது என்று டைரியில் எழுதிவைத்தேன். அந்தக் குடித்தனக்காரரின் மனைவி கோர்ட்டு வாசலில் எல்லோருக்கும் கைகூப்பிக்கொண்டு போனது இன்னும் கண்ணில் இருக்கிறது.

பிறகு ஐயாவைச் சிதம்பரத்துக்கு மாற்றினார்கள். சில மாதங்களில் எனக்கும் டவாலி கோவிந்தனுக்கும் அங்கேயே உத்தரவு வந்தது. அங்கேதான் இந்த வழக்கு வந்தது.

பரங்கிப்பேட்டைக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு சிறிய மீனவர் குப்பம். பிராது கொடுத்தவர் தங்கராசு. எதிரி அவருடைய மாமியார் அஞ்சலை. அஞ்சலைக்கு ஒரு மகள், ஒரு மகன். மகளைத்தான் தங்கராசு கட்டியிருந்தார். மகன் வேலு கல்யாணம் ஆகாதவன். மச்சான்கள் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுமரம் வைத்திருந்தார்கள்.

கட்டுமரம் என்பது கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டுவது. நடுவில் நீளமான கட்டை, இரு பக்கமும் அதை அணைத்தாற்போல் மற்றக் கட்டைகள். கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். ஈரம் ஏறினால் கனத்துவிடும். அடுத்தமுறை போகும்போது மறுபடி கட்டுவார்கள். நடுக்கட்டையை வேலு வாங்கியிருந்தான். அஞ்சலையின் காதுத் தோடு அதற்குப் போயிற்று. பக்கக் கட்டைகள் தங்கராசுவின் பங்கு. பிடிக்கும் மீனில் ஆளுக்குப் பாதி.

ஒரு நாள் தங்கராசு காய்ச்சலில் படுத்துவிட, வேலு தனியாகக் கரையோரம் வலைபோடப் போனான். மரம் மட்டும் திரும்பி வந்தது. அலை அதைப் பக்கத்துக் குப்பத்துக் கரையில் ஒதுக்கியிருந்தது. கட்டு அவிழவில்லை. துடுப்பு இல்லை, வலை இல்லை, வேலு இல்லை. ஊரே மரங்களை இறக்கித் தேடியது. உடல் கிடைக்கவில்லை.

காத்திருந்து பார்த்தபிறகு, வைக்கோலில் ஒரு உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். அஞ்சலை ஒப்புக்கொள்ளவில்லை. கரை ஒதுங்கிய மரத்தை ஊருக்குக் கொண்டுவந்து பிரித்துப் போட்டிருந்தார்கள். வேலு எப்போதும் உட்கார்ந்து துடுப்புப் போட்ட நடுக்கட்டை மணலில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வேட்டி போர்த்தி, மாலை போட்டாள். கொள்ளி வைக்கத் தங்கராசுவைக் கூப்பிட்டாள். அவர் மாட்டேன் என்றார். ஆண்கள் ஒதுங்கி நின்றார்கள். அவளே வைத்தாள்.

இதற்கு முன் அந்தக் குப்பத்திலிருந்து ஒரு பிராதும் கோர்ட்டுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. எல்லாம் ஊர்க் கூட்டத்திலேயே தீர்ந்துவிடும். இதிலும் கூட்டம் போட்டார்கள். பெற்ற வயிறு எரிகிறது, வருஷம் திரும்பட்டும், பேசிக்கொள்ளலாம் என்று தங்கராசுவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் காத்திருக்கவில்லை, கோர்ட்டுக்கு வந்தார்.

பிரமாண வாக்குமூலம் கொடுத்தபோது ஐயா அவரைக் கேட்டார். "மாமியார் மேல பிராது குடுக்க வந்திருக்கீங்க. யோசிச்சுத்தானே வந்தீங்க?"

"யோசிச்சுத்தான் வந்தேன் ஐயா. எனக்கு ரெண்டு கொழந்தைங்க. இப்ப ஊரான் மரத்துல கூலிக்குப் போறேன். இடம் இருந்தா கூப்புடுவாங்க, இல்லன்னா கரையில நிக்கணும். வருஷம் காத்திருன்னா, நான் காத்திருப்பேன், வயிறு காத்திருக்குமா?"

"வேற நடுக்கட்டை போட்டுக்க முடியாதா?"

"நெனச்சா போடுறதுக்கு அது பலகை இல்லீங்க. ஒண்ணுக்கொண்ணு தோதா செதுக்கினது. புதுக்கட்டை வந்தா பழசோட ஒட்டாது. மொத்தமும் புதுசா எடுக்கணும்." பிறகு சொன்னார்: "அவன் எனக்கு மச்சான் மட்டும் இல்ல ஐயா. ஒரே மரத்துல ஒக்காந்தவன். எனக்கு மட்டும் துக்கம் இல்லாம இருக்குமா? ஆனா மச்சானும் போயி மரமும் போயிடுச்சின்னா நான் என்னா பண்ணுவேன்?"

ஐயா திருப்பிச் சொன்னார். கடைசி வாக்கியம் வந்தபோது தங்கராசு, "அத எழுதாதீங்க ஐயா" என்றார். ஐயா அதை எழுதவில்லை.

முதல் வாய்தாவன்று கோவிந்தன் வாசலில் நின்று மூன்றுமுறை கூப்பிட்டார். "அஞ்சலை... அஞ்சலை... அஞ்சலை..." வெள்ளைச் சேலையில் ஒல்லியான ஒரு அம்மாள் வந்து கூண்டில் நின்றார். வெறும் காது. தொங்கும் துளையில் துடைப்பக்குச்சி செருகியிருந்தது. ஐயா அவரை உட்காரச் சொன்னார். "வேணாம் சாமி, நின்னே பழக்கம்" என்றார் அந்த அம்மாள்.

அந்தக் குப்பத்துக்குக் காலையில் ஒரே ஒரு பஸ்தான். பிராதுக்காரரும் எதிரியும் அதில்தான் வந்தாகவேண்டும். கோவிந்தன் என்னிடம் வந்து மெதுவாக, "கதையக் கேளு சார். பஸ்ல மாமியாருக்கும் சேத்து இவருதான் டிக்கெட் எடுத்தாராம். கண்டக்டர் சொல்லிச் சிரிக்கிறான்" என்றார். மத்தியானம் நான் சாப்பிடப் போகும்போது பார்த்தேன். கோர்ட்டு வேப்பமரத்தடியில் தங்கராசுவும் அஞ்சலையும் உட்கார்ந்திருந்தார்கள். இடையில் மகள், இடுப்புக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரே தூக்குச் சட்டியிலிருந்து இருவருக்கும் சோறு போட்டாள்.

எதிரிக்காக ஒரு இளம் வக்கீல் ஆஜரானார். அவருக்கு இரண்டு வாதங்கள் இருந்தன. நடுக்கட்டை வேலுவின் சொந்தம், அவனுக்குப் பின் தாய்க்கு வந்தது, ஆகவே அவள் தன் பொருளைத்தான் எரித்தாள் என்பது ஒன்று. எரித்த அன்று கட்டைகள் பிரிந்து கிடந்தன, கட்டினால்தான் கட்டுமரம், பிரிந்து கிடந்தவை வெறும் கட்டைகள், ஆகவே கட்டுமரம் எதுவும் அழியவில்லை என்பது மற்றொன்று. நன்றாகவே பேசினார்.

எனக்கு முதுநகர் ஓடு ஞாபகம் வந்தது. மேடையைப் பார்த்தேன். ஐயாவும் என்னைப் பார்த்தார். அவருக்கும் அதுதான் ஞாபகம் என்று தெரிந்தது.

பார்க்காமல் சொல்லக்கூடாது என்று ஐயா ஸ்தலப் பார்வைக்கு உத்தரவிட்டார். சம்பவம் நடந்த இடத்துக்கே மாஜிஸ்ட்ரேட் போய்ப் பார்ப்பது அது. இரு தரப்பு வக்கீல்களுக்கும் முறைப்படி தெரிவித்து, ஒரு காலையில் போனோம். ஐயா மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். ஊர்க்காரர்கள் தள்ளி நின்றார்கள். எரித்த இடம் என்று ஒரு இடத்தைக் காட்டினார்கள். அங்கே எதுவும் இல்லை. காற்று எப்போதோ மணலால் மூடிவிட்டது.

"கடலுக்குப் போகும்போது எப்படி வெச்சுக் கட்டுவீங்களோ, அந்த மாதிரி வெச்சுக் காட்டுங்க" என்றார் ஐயா.

தங்கராசுவும் இன்னொருவரும் பக்கக் கட்டைகளைத் தூக்கிவந்து வைத்தார்கள். முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். நடுவில் நடுக்கட்டையின் அகலத்துக்கு இடம் விட்டார்கள். தங்கராசு கயிற்றை எடுத்து ஒரு பக்கத்திலிருந்து கொண்டுவந்தார். சுற்றுவதற்கு நடுவில் ஒன்றும் இல்லை. கயிறு தொய்ந்து மணலில் விழுந்தது. அதை அவர் திரும்ப எடுக்கவில்லை.

"வேலு எங்க உட்காருவார்?" என்று கேட்டார் ஐயா.

தங்கராசு நடுவில் இருந்த மணலைக் காட்டினார். "இங்க."

பார்வைக் குறிப்பில் ஐயா கட்டைகளின் நீளம், இடைவெளி, கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் எழுதச் சொன்னார். எழுதினேன். சுற்றி நின்ற ஆண்கள் அந்த இடைவெளியைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனதை எழுத அந்தக் குறிப்பில் இடம் இல்லை.

திரும்பும்போது காரில் இளம் வக்கீல் தாழ்ந்த குரலில் சொன்னார். "ராஜிக்கு முயற்சி பண்ணட்டுங்களா?"

"பண்ணுங்க" என்றார் ஐயா உடனே.

இந்தப் பிரிவில் நஷ்டப்பட்டவர் சம்மதித்தால் ராஜியாகப் போகலாம். வழக்கு அதோடு முடிந்துவிடும், தண்டனை எதுவும் கிடையாது. தங்கராசு சம்மதித்தார். அவருக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. செய்தது தவறு என்று அத்தை ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும், ஊர்க் கூட்டம் அதை வைத்துத் தனக்கு ஒரு வழி செய்துவிடும் என்றார். வக்கீல் மனு எழுதினார். எவ்வளவு லேசாக எழுத முடியுமோ அவ்வளவு லேசாக எழுதினார். மகனை இழந்த துக்கத்தில், அது கட்டுமரத்தின் பாகம் என்று அறியாமல், விறகு என்று நினைத்து எரித்துவிட்டேன், வருந்துகிறேன் என்று.

மனுவை அஞ்சலைக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். கட்டைவிரலில் மை தடவியாகிவிட்டது. நான் வாசித்து முடித்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வெறகுன்னு எழுதியிருக்கீங்களே ஐயா."

"அது சட்டத்துக்காக அம்மா" என்றார் வக்கீல். "நீங்க தெரியாம செஞ்சீங்கன்னு ஆயிட்டா குத்தமே இல்ல. வீட்டுக்குப் போயிடலாம்."

"வெறகுக்கா நான் கொள்ளி வெச்சேன்?"

"அத்தை, வெரல வெச்சுட்டு வா. போவலாம்" என்றார் தங்கராசு. அதட்டல் இல்லை. கெஞ்சுகிற குரல்.

"நீ சொல்லு மாப்ள. அது வெறகா?"

தங்கராசு என் மேஜைமேல் இருந்த மனுவைப் பார்த்தார்.

"வெறகுன்னு நான் ரேக வெச்சா, எம் புள்ளைக்கு இன்னும் காரியம் ஆவலன்னுதான அர்த்தம்? அவன் இன்னும் அந்தத் தண்ணியிலேயே கெடக்கிறான்னுதான அர்த்தம்? ஜெயிலுக்கு வேணாப் போறேன். இதுல வெரல வெக்க மாட்டேன்."

மை தடவிய விரலை எதில் துடைப்பது என்று தெரியாமல் பிடித்தபடியே நின்றார். கோவிந்தன் ஒரு பழைய உறிஞ்சுதாளைக் கொடுத்தார்.

ராஜி போயிற்று. குற்றச்சாட்டு வனைந்து, அதாவது முறைப்படி எழுதி, நான் வாசித்தேன். பிறகு ஐயா எதிரியிடம் தாமே கேள்வி கேட்கவேண்டிய கட்டம் வந்தது. சாட்சியங்களில் எதிரிக்கு விரோதமாக உள்ளதையெல்லாம் எதிரிக்குச் சொல்லி, பதில் வாங்கவேண்டும் என்பது சட்டம். அன்று ஐயா ஒவ்வொரு கேள்வியையும் வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் கட்டையை நீங்க எரிச்சது உண்மையா?"

"உண்மதான்."

"அது பிரிஞ்சு தனியாத்தானே கெடந்தது? தனிக் கட்டைன்னு நெனச்சீங்களா?"

வக்கீல் எதிரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு சொல் வந்தால் அவர் வாதம் ஜெயித்துவிடும்.

"காயப் போட்டா மரம் இல்லாமப் போயிடுமா சாமி? தெனம் அவுத்துத் தெனம் கட்டுறதுதான். அது எம் புள்ள மரம்."

"அதை எரிச்சா உங்க மாப்பிள்ளை கடலுக்குப் போக முடியாதுன்னு அப்ப உங்களுக்குத் தோணலையா? துக்கத்துல இருந்திருப்பீங்க."

அப்படி ஒரு கேள்வியை, பதிலையும் உள்ளே வைத்து, ஐயா கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தோணுச்சி. தெரிஞ்சிதான் செஞ்சேன். கடலு எனக்குத் திருப்பிக் குடுத்தது அது ஒண்ணுதான சாமி. அத மறுபடி எப்படிக் கடலுக்கு அனுப்புவேன்?"

ஐயா வழக்கம்போல் அதைத் திருப்பிச் சொன்னார். "கடலு எனக்குத் திருப்பிக் குடுத்தது அது ஒண்ணுதான். இதைத்தானே சொன்னீங்க?"

"ஆமாம் சாமி."

பேனா மூடியைக் கழற்றி, எழுதினார்.

தீர்ப்பை ஒருமுறை தள்ளிவைத்தார், மறுபடியும் தள்ளிவைத்தார். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அவர் அறைக்குக் கட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். அஞ்சலையின் கட்டு மேஜைமேல் பிரித்தபடி இருந்தது. "எனக்கு ஒரு 'தெரியாது' போதும்" என்றார், என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல். "அதை மட்டும் அந்தம்மா குடுக்க மாட்டேங்கிறாங்க." பிறகு, "ஓட்டு வீட்டுக்காரனுக்கு ஒரு சட்டம், இவங்களுக்கு ஒரு சட்டம்னு நான் எழுத முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மற்றக் கட்டுகளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

தீர்ப்பு நாளில் மூவரும் அதே பஸ்ஸில் வந்தார்கள். ஐயா இங்கிலீஷில் வாசித்தார். கட்டைகள் பிரிந்திருந்தாலும் அது ஒரு கட்டுமரமே, ஒரு பாகம் தன்னுடையதாக இருந்தாலும் அதை அழித்ததால் மற்றப் பாகங்கள் பயனற்றுப் போயின, நஷ்டம் வரும் என்பது எதிரிக்குத் தெரியும், ஆகவே குற்றவாளி. நான் தமிழில் சொன்னேன். அஞ்சலை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் முகத்தில் வருத்தம் தெரியவில்லை. தான் சொன்னதைக் கோர்ட்டு நம்பிவிட்டது என்பதுபோல் நின்றார். தங்கராசுதான் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து தண்டனை. முதல் குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பாமல், அபராதமும் போடாமல், கண்டித்து விடுவிக்க ஒரு சட்டம் அப்போது வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஐயா அதன்படி உத்தரவிட்டார். அதில் ஒரு நிபந்தனை உண்டு. திறந்த கோர்ட்டில் எதிரியை நேரில் கூப்பிட்டு மாஜிஸ்ட்ரேட் கண்டிக்கவேண்டும். கண்டித்தபிறகுதான் விடுதலை.

நான் அஞ்சலையை மேடைக்குப் பக்கத்தில் வரச் சொன்னேன். வந்து நின்றார். ஐயா பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார். யாரையும் வைது பழக்கமில்லாத மனிதர் அவர். கோர்ட்டில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். வெளியே குழந்தை ஒன்று அழுதது. மகளின் குழந்தையாக இருக்கவேண்டும்.

கடைசியில் ஐயா, "இனிமே இந்த மாதிரி செய்யக்கூடாது அம்மா" என்றார்.

அஞ்சலை அவரை நிமிர்ந்து பார்த்தார். எதிர்த்துப் பேசுகிற பார்வை இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லவேண்டுமே என்று யோசிக்கிறவர் பார்வை.

"எனக்கு வேற புள்ள இல்லீங்களே சாமி."

ஐயா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. ஒருவர் பேச்சைக் கேட்டு அவர் திருப்பிச் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொல்லாமல், எழுந்து அறைக்குள் போனார். கோவிந்தன் வாசலில் நின்றவர் உள்ளே வந்து, கூண்டைத் திறந்துவிட வேண்டிய அவசியமே இல்லாதபோதும் அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

அதன்பின் அந்தச் சட்டத்தில் ஐயா யாரையும் கண்டித்து விடுவித்து நான் பார்க்கவில்லை. நன்னடத்தை ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்.

அன்று சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாகப் போனபோது மூவரும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தங்கராசு துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஐயா, மிச்சக் கட்டைய இப்ப நாங்க தொடலாங்களா? கேசு முடியற வரைக்கும் அசைக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

"தொடலாம். முடிஞ்சுபோச்சு" என்றேன்.

"வித்துடுறேன். வேற என்னாத்துக்கு ஆவும்?"

அஞ்சலை நின்ற இடத்திலிருந்தே பேசினார். வழக்கு தொடங்கியபிறகு, மனு வாசித்த அன்று கேட்ட அந்தக் கேள்வியைத் தவிர, அவர் தாமாக மருமகனிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

"வித்துக்க மாப்ள. எவன் அடுப்புக்கும் குடுத்துடாத."

"இல்ல அத்தை" என்றார் தங்கராசு.

பஸ் வந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு அவர் முதலில் அத்தையை ஏற்றிவிட்டார்.